முடியில்லாமல் பிறக்கும் குட்டி: சத்துக்குறையா, பரம்பரையா?

குற்றாலத்தில் சாரல் அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் தென்காசி, செங்கோட்டை பக்கத்து ஆட்டுக்கொட்டில்களில் இளங்குட்டிக்குக் குளிர்தான் முதல் எதிரி. அந்த நேரத்தில் முடியே இல்லாமல் ஒரு குட்டி பிறந்தால் அது பிழைப்பது பெரும்பாடு. உடனே பழி கிடாமேல் விழும். கிடாவை விற்பதற்கு முன் குட்டியின் தொண்டையைத் தடவிப் பார்க்க வேண்டும்.

தொண்டையில் வீக்கம் தட்டுப்பட்டால், பெரும்பாலும் அது தைராய்டு சுரப்பியின் வீக்கம். சினைக்காலத்தில் தாய் ஆட்டுக்கு அயோடின் போதவில்லை என்று பொருள். மழை அரித்துச் செல்லும் மலையடிவார மண்ணில் அயோடின் குறைவாக இருக்கக்கூடும். சந்தையில் கழிக்கும் முட்டைக்கோஸ் இலையைத் தொடர்ந்து போட்டாலும், தீவனத்திலுள்ள அயோடின் உடம்பில் சேராது. அந்த இலையைக் குறைத்து, கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் அயோடின் கலந்த தாது உப்பைச் சினை ஆடுகளுக்குக் கொடுத்தால் அடுத்த ஈற்றில் இதைத் தடுக்கலாம். அளவு மீறினால் அயோடினும் கெடுதல்தான்.

வீக்கம் இல்லாவிட்டால் மரபணுவைச் சந்தேகிக்கலாம். தோலின் மேல்பகுதி, முடி, வியர்வைச் சுரப்பி ஆகியவை கருவின் வெளி அடுக்கிலிருந்து உருவாகின்றன. பல்லின் எனாமலும் அதிலிருந்தே வருகிறது. இவை எந்த இடத்தில் முளைக்க வேண்டும் என்று குறிப்புக் கொடுப்பதில் ஈ.டி.ஏ. என்ற மரபணுவுக்குப் பங்கு உண்டு. அது பழுதானால் முடி, பல், வியர்வை மூன்றும் சேர்ந்து குறையும். மாடு, நாய், எலி, மனிதன் எல்லோரிடமும் இந்தக் குறை கண்டறியப்பட்டுள்ளது.

சிந்து பகுதியில் ஒரு குடும்பத்தின் 4 தலைமுறைகளில் 10 ஆண்களுக்குச் சில பற்களே இருந்ததையும், உடம்பில் முடி குறைந்து வெயில் காலத்தில் தோல் வறண்டதையும் சார்லஸ் டார்வின் 1875-ல் பதிவு செய்தார். அந்த வீட்டுப் பெண்களுக்குக் குறை இல்லை. ஆனால் அவர்கள் பெற்ற மகன்களுக்கு வந்தது. காரணமான மரபணு 1996-ல்தான் அடையாளம் காணப்பட்டது. அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதுவும் தாயிடமிருந்து வருவது. ஆகவே இந்த வகைக் குறை கிடாக்குட்டிக்குத் தகப்பன் வழியாக வராது.

வேறு சில பரம்பரைக் குறைகள் தாய், தகப்பன் இரண்டிலும் மறைந்திருந்து குட்டியில் வெளிப்படும். சொந்த மந்தையில் பிறந்த கிடாவையே திரும்பத் திரும்ப இணை சேர்த்தால் இது கூடும். கன்னி ஆட்டின் முகக்கோட்டைப் பார்த்துப் பால்கன்னி, செங்கன்னி என்று பிரிப்பவர்களுக்கும் இந்த மறைந்த குறை கண்ணில் படாது. எந்த ஆடு, எந்தக் கிடா, என்ன குட்டி என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பதும், வெளி மந்தையிலிருந்து கிடா வாங்குவதுமே இதற்கு வழி.