குட்டைக் குதிரையின் வாயும் ஓட்டுநரின் கையும்

அடங்காத பிள்ளைக்குக் கடிவாளம் போட வேண்டும் என்பார்கள். அளவு மீறிய செலவுக்கும் கடிவாளம் போட வேண்டும் என்பார்கள். கடிவாளம் என்றாலே அடக்கும் கருவி என்ற எண்ணம் தமிழர் பேச்சில் ஊறிப்போய்விட்டது. ஆனால், குதிரை வண்டி ஓட்டுவதில் தேர்ந்தவர்களைக் கேட்டால் வேறு விளக்கம் தருவார்கள். குதிரையோடு பேசுவதற்கு ஓட்டுநருக்குள்ள வழியே கடிவாளம்தான் என்பது அவர்களின் அனுபவம். இந்த உண்மையை 'மினியேச்சர்' எனப்படும் குட்டைக் குதிரைகளைப்போல் தெளிவாக உணர்த்துபவை வேறு இல்லை எனலாம்.

இவை குதிரைக் குட்டிகள் அல்ல. முழுமையாக வளர்ந்த பின்னும் உயரம் கூடாத இனம். 1978-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கத்தின் விதிப்படி, பிடரி மயிர் முடியும் இடத்தில் அளந்தால் உயரம் 34 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. அதாவது, ஏறக்குறைய 86 சென்டிமீட்டர். சாப்பாட்டு மேசையைவிட சற்று உயரம், அவ்வளவுதான்.

இவற்றின் உறவினர்களான ஷெட்லண்ட் குதிரைகளுக்கு ஒரு சோக வரலாறு உண்டு. பிரிட்டனில் 1842-ஆம் ஆண்டுச் சட்டம், பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களும் நிலக்கரிச் சுரங்கத்தின் உள்ளே வேலை செய்வதைத் தடை செய்தது. அதன் பிறகு, தாழ்வான சுரங்கப் பாதைகளில் நிலக்கரி வண்டிகளை இழுக்கும் வேலைக்குச் சிறிய குதிரைகள் பெருமளவில் இறக்கப்பட்டன. உருவம் சிறிதானாலும் இழுக்கும் வலிமை பெரிது என்பதற்கு இதுவே சான்று.

பெரியவர்கள் குட்டைக் குதிரையின் முதுகில் ஏற முடியாது. ஆனால், இலகுவான இரு சக்கர வண்டியைப் பூட்டினால் சமதரையில் ஒரு பெரியவரை அது இழுத்துச் செல்லும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் முதியவர்களும் உடற்குறையுள்ளவர்களும்கூட இந்த வண்டியோட்டத்தில் ஆர்வம் காட்டுவதற்கு இதுவே காரணம்.

வாய்க்குள் என்ன இருக்கிறது?

குதிரை மீது ஏறிச் செல்பவர் தம் கால்களாலும் உடல் எடையாலும் அதற்குச் சைகை தர முடியும். வண்டியில் அமர்ந்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. குரல், சாட்டை, கையில் உள்ள வார் ஆகிய மூன்றைக்கொண்டே அவர் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும்.

அந்த வார் குதிரையின் வாய்க்குள் இருக்கும் ஓர் உலோகத் துண்டில் போய் முடிகிறது. ஆங்கிலத்தில் இதை 'பிட்' என்பார்கள். இங்கே வாய்க்கம்பி என்று வைத்துக்கொள்வோம். குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளி உண்டு. கம்பி அங்கேதான் கிடக்கிறது. மெல்லிய தோல் மூடிய ஈறும் நாக்கும் அந்த அழுத்தத்தைத் தாங்குகின்றன. கையில் சற்று வேகமாக இழுத்தது, அங்கே சுருக்கென்று தைக்கும்.

குட்டைக் குதிரைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. உடல் சிறுத்த அளவுக்கு அதன் பற்கள் சிறுக்கவில்லை. சிறிய தாடையில் பற்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். எனவே, கம்பியை வாங்கும் முன் கால்நடை மருத்துவரிடம் வாயைக் காட்டிவிடுவதே முறை. பல் வலியால் தலையை உதறும் குதிரையை 'முரட்டுக் குதிரை' என்று முத்திரை குத்துவது பெரும் அநியாயம்.

கம்பியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

முதலில் பார்க்க வேண்டியது அகலம். வழக்கமான பெரிய குதிரைக்கு ஏறத்தாழ 5 அங்குலக் கம்பி பொருந்தும் என்றால், குட்டைக் குதிரைகள் பலவற்றுக்கு மூன்றரை முதல் நான்கு அங்குலம் போதும். கம்பி குறுகினால் உதட்டோரம் நசுங்கும். அகலம் கூடினால் வாய்க்குள் இப்படியும் அப்படியும் நழுவி, சைகையைக் குழப்பும். கணிப்பில் வாங்காமல், வழவழப்பான மெல்லிய மரக்குச்சி ஒன்றை வாயில் குறுக்கே வைத்து இரு உதட்டோரங்களிலும் குறியிட்டு அளந்துவிடலாம். இரு பக்கமும் கால் அங்குலம் வெளியே நின்றால் சரி.

அடுத்தது பருமன். தடித்த கம்பிதான் மென்மையானது என்பது பரவலான நம்பிக்கை. பெரிய வாய்க்கு அது ஓரளவு பொருந்தலாம். குட்டைக் குதிரையின் வாயிலோ நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் இடையே இடமே இல்லை. தடித்த கம்பியைத் திணித்தால் அது வாயை மூட முடியாமல் தவிக்கும். இரக்கப்பட்டு வாங்கிய பொருளே இம்சையாகிவிடும்.

மூன்றாவது வடிவம். 'ஸ்னாஃபில்' எனும் எளிய வகையில் நடுவில் ஒரு மூட்டு இருக்கும். இழுக்கும்போது அது பாக்குவெட்டியைப் போல மடங்கி நாக்கை நெருக்கும். இரண்டு மூட்டுகளும் நடுவே சிறு துண்டும் உள்ளது, நாக்கின் வளைவுக்கு இசைந்து கிடப்பதால் பல குதிரைகள் அதை விரும்பி ஏற்கின்றன. 'லிவர்பூல்' எனும் வகையில் வாரை மாட்டப் பல இடங்கள் உண்டு. கம்பிக்கு நேராக உள்ள வளையத்தில் மாட்டினால் மென்மை. கீழே உள்ள துளைக்கு இறங்க இறங்க, நெம்புகோல்போல் அழுத்தம் பெருகும். தாடைக்கடியில் ஒரு சங்கிலியும் இறுகும். பழகாத கைக்கு இது ஏற்றதல்ல. குதிரை நிற்கவில்லை என்றதும் கடுமையான கம்பிக்கு மாறுவதைவிட, அது ஏன் நிற்கவில்லை என்று ஆராய்வதே அறிவுடைமை.

வாரைப் பிடிக்கும் முறை

வாரைப் பிடிப்பதில் இரண்டு முறைகள் பெருவழக்கில் உள்ளன. முதலாவது, ஒரு கைக்கு ஒரு வார். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இது எளிது. மற்றது, ஜெர்மனியைச் சேர்ந்த பென்னோ வான் ஆஷன்பாக் (1861–1936) ஒழுங்குபடுத்திய முறை. இதில் இரண்டு வார்களும் இடக்கையிலேயே இருக்கும். இடப்பக்க வார் ஆள்காட்டி விரலின் மேலாகவும், வலப்பக்க வார் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையிலும் வரும். வலக்கை சாட்டையைத் தாங்கியபடி தேவைப்படும்போது துணைக்கு வரும்.

எந்த முறையானாலும் அடிப்படை ஒன்றுதான். முழங்கை உடலை ஒட்டியிருக்க, மணிக்கட்டு தளர்ந்திருக்க, வார் தொங்காமலும் விறைக்காமலும் இருக்க வேண்டும். நடக்கும் குழந்தையின் விரலைப் பிடித்திருப்பதுபோல் என்று வைத்துக்கொள்ளலாம். வலப்பக்கம் திரும்ப, வலக்கை விரல்களைச் சற்று மூடினால் போதும். அதே நேரத்தில் இடக்கை கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான். ஒரு கை இழுக்கும்போது மறு கை விடாமல் நின்றால், திரும்பு என்றும் நில் என்றும் ஒரே நேரத்தில் இரண்டு கட்டளைகள் போகின்றன. குதிரை எதைக் கேட்கும்?

நிறுத்தும்போது குரல் முந்த வேண்டும், விரல் பிந்த வேண்டும். நின்ற மறு கணமே பிடியைத் தளர்த்திவிட வேண்டும். அந்தத் தளர்வுதான் குதிரைக்குக் கிடைக்கும் 'சபாஷ்'. வாரின் எடையையும் மறந்துவிடக்கூடாது. பெரிய குதிரைக்கான கனத்த தோல் வார், சிறிய வாயில் ஓயாத பாரமாகத் தொங்கும். மெல்லிய, இலகுவான வாரே ஏற்றது.

உயிர் காக்கும் ஒழுங்கு

சிறிய குதிரைதானே என்ற அலட்சியம் ஆபத்தானது. மிரண்டு ஓடும் குட்டைக் குதிரையும் வண்டியைக் கவிழ்க்கும், குழந்தைகளைக் காயப்படுத்தும். அதனால்தான் சில விதிகளில் அனுபவசாலிகள் விட்டுக்கொடுப்பதே இல்லை. வாரைக் கையில் எடுத்த பிறகே வண்டியில் ஏற வேண்டும். இறங்கும்போதும் வார் கையில் இருக்க வேண்டும். வாரைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. குதிரை பாய்ந்தால் ஓட்டுநரையும் இழுத்துக்கொண்டு போய்விடும். தலைக்கவசம் கட்டாயம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டி பூட்டியிருக்கும்போது குதிரையின் தலையிலிருந்து கடிவாளத்தைக் கழற்றவே கூடாது. கண்பட்டையும் கூடவே கழன்றுவிடும். அதுவரை பின்னால் பாராத குதிரை, தன்னைத் துரத்தி வருவதுபோல் நிற்கும் வண்டியைத் திடீரென்று காணும். ஓடத் தொடங்கினால் நிறுத்துவதற்கு எவர் கையிலும் எதுவும் இருக்காது. முதலில் வண்டி, பிறகுதான் கடிவாளம் என்ற வரிசையை மாற்றக்கூடாது.

நன்றாக ஓட்டப்படும் குட்டைக் குதிரையை அடையாளம் காண்பது எளிது. வாய் மூடியிருக்கும், கழுத்து இறுகாது, காது அடிக்கடி ஓட்டுநரின் குரல் பக்கம் திரும்பும். வார் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. நூறு கிலோ அளவே உள்ள ஒரு வாயில்லாப் பிராணி, மனிதனின் கையை நம்பித் தன் வாயைக் கொடுத்திருக்கிறது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றும் பக்குவம் கைக்கு வந்துவிட்டால், கடைகளில் விற்கும் எந்தக் கடுமையான கம்பியும் தேவைப்படாது.