தூரத்துச் சுவிட்ச் யார் கையில்?

2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று மின் விநியோக நிறுவனங்களின் கணினிகளுக்குள் ஊடுருவியவர்கள், துணை மின்நிலையங்களின் பிரேக்கர்களைத் தொலைவிலிருந்தே திறந்துவிட்டார்கள். கிட்டத்தட்ட 2,25,000 வாடிக்கையாளர்களுக்குப் பல மணி நேரம் மின்சாரம் இல்லை. இந்தத் தாக்குதலைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஆனால் அதிகம் பேசப்படாத ஒரு சங்கதி அதில் உண்டு. சர்வர்களுக்கு மின்சாரம் கொடுக்கும் யுபிஎஸ்ஸையும் அதன் தொலைநிர்வாகப் பக்கத்துக்குள் புகுந்து, குறித்த நேரத்தில் அணையும்படி அவர்கள் செட் செய்து வைத்திருந்தார்கள். கரண்ட் போனால் காப்பாற்றத்தான் அந்தப் பெட்டியை வாங்கி வைத்திருந்தார்கள்.

யுபிஎஸ்ஸை எதற்காக நெட்வொர்க்கில் இணைக்கிறார்கள்? எங்கோ இருக்கும் சர்வரோ மோடமோ உறைந்து நின்றுவிட்டால், ஆளை அனுப்பாமல் ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்வதற்குத்தான். இந்த வசதி இன்று டேட்டா சென்டர்களோடு நிற்கவில்லை. இரண்டு ஊரில் கிளை வைத்திருக்கும் ஜவுளிக்கடைக்காரர், பூட்டிய வீட்டில் கேமரா வைத்துவிட்டு வெளிநாட்டில் இருப்பவர், பள்ளிக்கூட லேப் பொறுப்பாளர் எனப் பலர் கையிலும் இது வந்துவிட்டது. ஆயிரம் ரூபாய் சுமாருக்கு ஸ்மார்ட் பிளக் கிடைக்கிறது. நம் விவசாயிகள் மொபைல் ஸ்டார்ட்டரில் மிஸ்டு கால் கொடுத்தோ எஸ்எம்எஸ் அனுப்பியோ தோட்டத்து மோட்டாரைப் போட்டு அணைப்பதும் இதே வேலைதான்.

வசதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கணினியின் பவரை அணைக்க முடிந்தவருக்கு அதன் கடவுச்சொல்லே தேவையில்லை என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. கணினிக்கு நீளமான பாஸ்வேர்டு போட்டிருப்பார்கள். அது செருகியிருக்கும் பிளக்குக்கு மட்டும் தொழிற்சாலையிலிருந்து வந்த ‘அட்மின்’ அப்படியே இருக்கும்.

2016-இல் பரவிய ‘மிராய்’ என்ற தீநிரல் இந்த அலட்சியத்தில்தான் வளர்ந்தது. அறுபது சொச்சம் தொழிற்சாலை யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் ரவுட்டர்களையும் அது பிடித்தது. வேடிக்கை என்னவென்றால், மிராய் கருவியின் தற்காலிக நினைவகத்தில்தான் குடியிருந்தது. ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். பாஸ்வேர்டை மாற்றாவிட்டால் சில நிமிடங்களில் திரும்பி வந்துவிடும். 2018 மே மாதம் ‘விபிஎன்ஃபில்டர்’ என்ற இன்னொரு தீநிரல் ஐந்து லட்சம் ரவுட்டர்களைப் பிடித்தபோது, அமெரிக்காவின் எஃப்பிஐ மக்களிடம் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னது. ஆனால் அந்தத் தீநிரலின் முதல் அடுக்கு ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் பிழைத்துக் கிடந்தது. ரீஸ்டார்ட் முதலுதவி. வைத்தியத்தைத் தனியாகச் செய்தாக வேண்டும்.

விலை உயர்ந்த கருவி பத்திரமாக இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 2022 மார்ச்சில் ஏபிசி நிறுவனத்தின் ஸ்மார்ட்-யுபிஎஸ் வகைகளில் கடும் ஓட்டைகள் இருப்பதை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதே மாதக் கடைசியில் அமெரிக்க சைபர் பாதுகாப்பு முகமையான சிசா, யுபிஎஸ்களின் நிர்வாகப் பக்கத்தை இணையத்திலிருந்தே எடுத்துவிடுங்கள் என்று அறிவுறுத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில் ‘ஐபூட்-பிடியு’ என்ற தொலை பவர் பெட்டியில் ஓட்டைகள் வெளிவந்தன. ஃபயர்வாலுக்குப் பின்னால் இருந்தாலும் கிளவுட் வழியாக அதைப் பிடிக்க முடிந்தது. சர்வர்களுக்குள்ளேயே ஐபிஎம்ஐ என்ற நெறிமுறையில் பேசும் தனிச் சில்லு ஒன்று இருக்கும். மெஷின் அணைந்திருந்தாலும் அது விழித்திருக்கும். ஐபிஎம்ஐ 2.0 பதிப்பின் வடிவமைப்பே, சரியான யூசர்நேம் சொல்லிக் கேட்பவருக்கு உள்ளே விடுவதற்கு முன்பே பாஸ்வேர்டின் ஹாஷை, அதாவது அதன் சங்கேத வடிவத்தை, கொடுத்துவிடுகிறது. அதை எடுத்துப்போய் ஆற அமர உடைத்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட கருவியைப் போர்ட் ஃபார்வர்டிங் போட்டு நேரடியாக இணையத்தில் திறந்துவிடும் டெக்னீஷியன், உங்கள் வேலையை எளிதாக்கவில்லை. விபிஎன் வழியாக மட்டுமே அதைத் தொட முடிய வேண்டும். இதில் சலுகை காட்ட எனக்கு மனமில்லை.

திருடனே இல்லாவிட்டாலும் தலைவலி உண்டு. ரவுட்டரை ஸ்மார்ட் பிளக்கில் செருகியிருக்கிறீர்கள். அந்தப் பிளக் அதே ரவுட்டரின் வைஃபையில் இருக்கிறது. ‘ஆஃப்’ என்ற கட்டளை போய்ச் சேரும், ‘ஆன்’ போகாது. பிறகு பேருந்து ஏறித்தான் ஆக வேண்டும். ஆகவே அணைத்து, அரை நிமிடம் பொறுத்து, தானே மறுபடி போடும் வேலையைக் கருவியே செய்யும்படியான வகையை வாங்க வேண்டும். இணையம் போய்விட்டதா என்று தானே சோதித்து ரவுட்டரை அணைத்துப் போடும் பெட்டிகளும் உண்டு. இல்லையென்றால் சிம் போட்ட கருவி நல்லது. அதில் உங்கள் எண்களை மட்டும் பதிந்து, மற்ற அழைப்புகளை மறுக்கச் சொல்லி வைக்க வேண்டும். தனி வழி இல்லாமல் தவிப்பது சின்னக் கடைக்கு மட்டும் நேர்வதல்ல. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஆறு மணி நேரம் போலப் படுத்தபோது, அவசரத்துக்கென்று வைத்திருந்த மாற்று நெட்வொர்க்கும் கைகொடுக்கவில்லை. பொறியாளர்கள் டேட்டா சென்டருக்கு நேரில் போக வேண்டியிருந்தது.

கணினியை இப்படி எழுப்ப நினைப்பவர்கள் பயாஸில் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். மின்சாரம் திரும்பியதும் தானே ஆன் ஆகும்படி அங்கே மாற்றாவிட்டால், பிளக் உயிர்பெறும், கணினி எழாது. டேலி ஓடும் பில்லிங் மெஷினையும், கோப்புகளைச் சேமிக்கும் என்ஏஎஸ் பெட்டியையும் பிளக்கில் அணைப்பதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டைப் பிடுங்கினால் டேட்டா கெடும். ஃபர்ம்வேர் அப்டேட் நடுவில் பிடுங்கினால் பெட்டியே செங்கல்தான். பிளக்கின் ஆம்பியர் அளவைப் பார்க்காமல் லேசர் பிரிண்டரையும் ஏசியையும் அதில் மாட்டுவது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இனி சட்டம். உரிமையாளரின் அல்லது பொறுப்பாளரின் அனுமதியில்லாமல் ஒரு கணினிக்குள்ளோ நெட்வொர்க்குக்குள்ளோ நுழைவது, அதன் இயக்கத்தைக் குலைப்பது, உரியவரை நுழையவிடாமல் தடுப்பது எல்லாம் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-வது பிரிவில் வரும். நேர்மையற்ற முறையிலோ மோசடியாகவோ செய்திருந்தால் 66-வது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முகம் தெரியாத ஹேக்கருக்கு மட்டுமான சட்டம் என்று இதை நினைத்துவிடாதீர்கள். வேலையை விட்டுப் போன ஊழியர் பழைய ஆப்பிலிருந்து உங்கள் சர்வரை அணைத்தாலும், பாக்கிப் பணத்துக்காகக் கேமரா டெக்னீஷியன் டிவிஆரைப் பூட்டி வைத்தாலும் இதே பிரிவுகளைக் காட்டிப் புகார் கொடுக்கலாம். நஷ்டஈடு ஐந்து கோடி ரூபாய் வரை என்றால், மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே தீர்ப்பு அதிகாரி. நீதிமன்றம் போகாமல் அவரிடமே மனு கொடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

கருவியே மோசம் என்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இருக்கிறது. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று கடைக்காரர் வாதாடக்கூடும். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியவரை அதே சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. கொடுத்த விலை ஐம்பது லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையம், ஐந்து லட்சம் வரை கட்டணமே கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே தொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

ஒரு நஷ்டம் மட்டும் சட்டத்துக்குள் எளிதில் அடங்குவதில்லை. அது நிறுவனம் கடையையோ சேவையையோ மூடிவிடுவது. அமெரிக்காவின் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் ஹோம் நிறுவனம் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பே இல்லாமல் சர்வர்களை அணைத்தது. பெல்கின் தன் வீமோ பிளக்குகளில் பெரும்பாலானவற்றின் கிளவுட் சேவையை 2026 ஜனவரி 31-உடன் நிறுத்துவதாக 2025-இல் அறிவித்தது. கிளவுட் இல்லாமலும் உள்ளூர் நெட்வொர்க்கில் வேலை செய்யுமா என்று வாங்கும்போதே கேட்பதுதான் இதற்குத் தற்காப்பு.

யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தால் நம் கை முதலில் ரீஸ்டார்ட்டுக்குத்தான் போகும். போகக் கூடாது. பல ரவுட்டர்களில் பதிவுகள் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். அணைத்தால் சாட்சி அழிந்துவிடும். நெட்வொர்க் கேபிளை மட்டும் உருவுங்கள். லாக் பக்கத்தையும் நேரத்தையும் படம் பிடியுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930. மற்றவற்றுக்குத் தேசிய சைபர் குற்றப் புகார் தளம், அல்லது மாவட்ட சைபர் குற்றப் பிரிவு. நிறுவனம் நடத்துபவர்களுக்கு ஒரு கடமையும் உண்டு. இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவின்படி, பட்டியலிட்ட சைபர் சம்பவங்களைத் தெரிந்துகொண்ட ஆறு மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும்.

அடுத்த முறை ஏஎம்சி எனும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க ஆள் வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எல்லாப் பெட்டிகளின் அட்மின் பாஸ்வேர்டும் உங்களிடம் ஒப்படைக்கப்பட்டது, அவர்களுடைய ஆட்களில் யார் யாருக்குத் தொலை அனுமதி உண்டு, ஒப்பந்தம் முடிகிற நாளில் அது ரத்தாகும். எழுதித் தர மறுப்பவருக்கு அந்த ஒப்பந்தத்தைக் கொடுக்காதீர்கள்.