கழிவுநீரைக் குடித்து விறகாகும் மரங்கள்: ஸ்வீடன் நகரம் செய்தது என்ன?

‘வேகமா வளர்ற மரமா? நிலத்தடி நீரை மொத்தமா உறிஞ்சிடுமே!’ தைலமரத் தோப்புகளைப் பார்த்துப் பழகிய நம் விவசாயிகளிடம் இந்தப் பேச்சை எடுத்தால், முதலில் வரும் பதில் இதுதான். நியாயமான பயம். ஆனால், ஸ்வீடனில் என்ஷோப்பிங் என்ற சிறு நகரம், மரத்தின் இந்தத் தாகத்தையே தண்ணீரைக் காக்கப் பயன்படுத்துகிறது.

என்ன சிக்கல்?

ஸ்டாக்ஹோமுக்கு மேற்கே, மேலாரன் ஏரியை ஒட்டியுள்ளது இந்த ஊர். கழிவுநீரைச் சுத்திகரிக்கும்போது மிஞ்சும் கசடைப் பிழிந்தால் ஒரு நீர் வரும். மொத்தக் கழிவுநீரில் அது 1 சதவீதம்கூட இல்லை. ஆனால், சுத்திகரிப்பு நிலையத்துக்கு வரும் நைட்ரஜனில் சுமார் கால் பங்கு அதில்தான் இருக்கிறது. நைட்ரஜன் ஏரிக்கும் பால்டிக் கடலுக்கும் போனால் பாசி பெருகும், ஆக்சிஜன் குறையும், மீன்கள் சாகும். ஸ்டாக்ஹோமின் குடிநீரே மேலாரன் ஏரியிலிருந்துதான் வருகிறது. நைட்ரஜனை நிலையத்திலேயே நீக்கலாம். ஆனால், மின்சாரமும் பணமும் நிறைய செலவாகும்.

மரம் என்ன செய்கிறது?

2000-ம் ஆண்டுவாக்கில், நிலையத்துக்கு அருகே சுமார் 75 ஹெக்டேரில், அதாவது 185 ஏக்கரில், வில்லோ மரங்கள் நடப்பட்டன. கிரிக்கெட் பேட் செய்கிறார்களே, அந்த மரத்தின் குடும்பம்தான். பிழிந்த நீரைக் குளிர்காலத்தில் குளங்களில் சேமித்து, கோடையில் சொட்டுநீர்க் குழாய் வழியாகப் பாய்ச்சுகிறார்கள். நீரில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் மரத்துக்கு உரமாகிவிடுகின்றன. தனியாக உரம் வாங்கிப் போடும் செலவும் குறைகிறது.

விறகு எங்கே போகிறது?

3 அல்லது 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை, குளிர்காலத்தில் மரங்களை அடியோடு ஒட்ட வெட்டுகிறார்கள். அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். புதிதாக நட வேண்டியதில்லை. வெட்டியதைச் சில்லுகளாக்கி நகரின் மின் நிலையத்தில் எரிக்கிறார்கள். மின்சாரம் கிடைக்கிறது, அந்த வெப்பத்தில் சூடான நீர், குழாய் வழியாக வீடுகளுக்குப் போய் குளிரைப் போக்குகிறது.

இன்னொரு பலனும் உண்டு. மண்ணில் உள்ள காட்மியம் என்ற நச்சு உலோகத்தை வில்லோ உறிஞ்சும். மரத்தை எரிக்கும்போது அதில் பெரும்பகுதி, புகையோடு மேலே பறக்கும் சாம்பலில் சேரும். அதைத் தனியாகப் பிடித்து அகற்றிவிடலாம்.

நம்ம ஊருக்குச் சரிவருமா?

அப்படியே காப்பியடிக்க முடியாது. மரம் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு மேல் கழிவுநீரைப் பாய்ச்சினால், மிச்ச நைட்ரேட் நிலத்தடி நீரில் இறங்கிவிடும். சாயப்பட்டறை, தோல் தொழிற்சாலைக் கழிவுபோல உப்பு மிகுந்த நீரை ஊற்றினால் மரமே பட்டுப்போகும். கழிவுநீர் வசதியே இல்லாத வறண்ட நிலத்தில் நட்டாலோ, விவசாயிகள் பயப்படுவதுதான் நடக்கும்.

ஆக, ‘எந்த மரம் நடலாம்?’ என்று கேட்பதற்கு முன், ‘அது யார் தண்ணீரைக் குடிக்கப் போகிறது?’ என்று கேட்க வேண்டும். ஊர் வெளியேற்றும் நீர் என்றால் லாபம். பக்கத்து வயல் கிணற்று நீர் என்றால், அந்த விறகுக்கான விலையைக் கொடுப்பவர் அந்த விவசாயிதான்.