மெஷினை மாற்றுமுன் உப்புத் தொட்டியைப் பாருங்கள்

சாம்பல்தீவில் வீட்டுக்கு நீர் மென்மையாக்கி பூட்டிய வியாபாரிகள் என்னிடம் கேட்பது இதுதான்: "தொட்டியில் உப்பு குறையவில்லை, சவர்க்காரமும் நுரைக்கவில்லை, புது மெஷின் வாங்கவா?"

அவசரப்படாதீர்கள். வன்னீரிலுள்ள கல்சியம், மக்னீசியத்தைப் பிசின் மணிகள் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. அம்மணிகளைப் புதுப்பிப்பது உப்புக்கரைசல். தொட்டியில் உப்பு பாளமாக இறுகி நின்றால், அடியிலுள்ள தண்ணீருக்கு உப்பு எட்டாது, கரைசலும் உண்டாகாது. தடியால் மெல்லக் குத்தி உடையுங்கள்.

பாளம் இல்லையா? மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தி, வால்வுத் தலையிலுள்ள இன்ஜெக்டரைக் கழற்றிக் கழுவுங்கள். மணலும் துருவும் அடைத்தால் கரைசல் உறிஞ்சப்படாது. பின்னர் கழுவும் சுற்றை ஒருமுறை கையால் ஓடவிடுங்கள்.

ஒன்று மறவாதீர்கள். கடலோரக் கிணற்றின் உவர்ப்பை இந்த மெஷின் நீக்காது, அதற்கு ஆர்.ஓ. வேண்டும். நீக்குமென்று சொல்லி விற்க வந்தால், காசை மடியிலேயே வையுங்கள்.