கடலூர்ச் சீட்டியும் சிதம்பரம் தொம்பையும்

ஊசியும் ஊரும் – 7

வடமேற்கு இங்கிலாந்தில் லெவன்ஸ் ஹால் என்றொரு பழைய மாளிகை இருக்கிறது. அங்கே உள்ள படுக்கை விரிப்பு ஒன்று, ஒட்டுத்துணி தைக்கும் பெண்கள் பலர் ஒருமுறையாவது நேரில் பார்க்க ஆசைப்படுவது. 1708 வாக்கில் தைத்தது. துண்டு துண்டாக வெட்டிச் சேர்த்த ஆங்கிலேய விரிப்புகளில் இன்று மிஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது இதுதான் என்கிறார்கள். அதில் இருக்கும் துண்டுகள் இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போன சீட்டித் துணி.

நம் பாட்டிமார் சீட்டிப் பாவாடை என்பார்களே, அந்தச் சீட்டிதான். அன்றைக்குச் சோழமண்டலக் கரையின் உயர்ந்த சீட்டி அச்சுப் போட்டது அல்ல, கையால் எழுதியது. லெவன்ஸ் ஹால் துண்டுகளில் எது எந்த ஊர் எழுத்து என்று ஒட்டியிருக்காது. ஆனால் ஆங்கிலேயர் இந்தக் கரையில் துணி வாங்கி ஏற்றிய துறைகளில் கடலூர் முக்கியமானது.

2019 சனவரியில் சென்னையில் இந்திய குவில்ட் (ஒட்டுத்துணி விரிப்பு) விழா நடந்தது. வெட்டுத்துணி சேர்த்துத் தைப்பது வீட்டு மூலையில் செய்யும் வேலை என்ற நினைப்பு மாறத் தொடங்கியிருக்கிறது. அப்படித் தைப்பவர்கள் தோழிகளோடு ஒரு சனி, ஞாயிறு வெளியூர் போக நினைத்தால் இங்கிலாந்துக்கு விமானம் ஏற வேண்டியதில்லை. கடலூரில் இறங்கிச் சிதம்பரத்தில் முடிக்கலாம். நடுவில் ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை.

சனிக்கிழமை காலை மஞ்சக்குப்பத்து அரசு அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, கெடிலம் கடலில் சேரும் தேவனாம்பட்டினத்துப் பக்கம் போக வேண்டும். செயின்ட் டேவிட் கோட்டை இருந்த இடம் அது. 1690இல் ஆங்கிலேயர் இதை மராத்தியரிடம் விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழும் தூரம் வரை நிலம் அவர்களுக்கு என்பது பேச்சு. குண்டு போய் விழுந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது ஆங்கிலேயரின் தலைமையிடம் இங்கே வந்தது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை கோட்டையைப் பிடித்து இடித்தது. இப்போது இடிபாடுதான் மிச்சம்.

இந்தச் சண்டையெல்லாம் எதற்காக? கரைக்கு உள்ளே தறிகள் இருந்தன, சாயக்காரர்கள் இருந்தார்கள். அந்தத் துணிக்கும் இதில் பெரிய பங்கு உண்டு.

தைப்பவர்கள் இங்கே காலடி மணலைக் குனிந்து பார்க்க வேண்டும். சீட்டியின் சிவப்பு இப்படிப்பட்ட கரை மணலில் வளரும் இம்பூரல் செடியின் வேரிலிருந்து வந்தது. வெள்ளைத் துணியை முதலில் கடுக்காயிலும் எருமைப் பாலிலும் தோய்த்து உலர்த்துவார்கள். கருப்பட்டி நீரில் துருப்பிடித்த இரும்பை ஊறப்போட்டு எடுத்த கறுப்பால் கோடு எழுதுவார்கள். சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகார நீரைத் தீட்டி, துணியை இம்பூரல் வேரோடு கொதிக்க விடுவார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும், மற்ற இடம் அலசினால் வெளுத்துவிடும். அப்புறம் நீலம் வேண்டிய இடத்தை மட்டும் விட்டு மிச்சம் முழுக்க மெழுகு பூசி அவுரித் தொட்டியில் முக்குவார்கள். நீலத்தின் மேல் மஞ்சள் தீட்டினால் பச்சை. எத்தனை துவைத்தாலும் சிவப்பும் நீலமும் போகாது. ஐரோப்பா மயங்கியது இந்த உறுதியில்தான். இந்த ரகசியத்தை அறிய 1734 வாக்கில் பக்கத்துப் புதுச்சேரியில் பொலியே என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக் குறிப்போடு சேர்த்து வைத்தார். அந்தத் துண்டுகள் பாரிஸில் இருக்கின்றன. 1742இல் கேர்தூ என்ற பாதிரியார் இதே செய்முறையை விரிவாகக் கடிதத்தில் எழுதி அனுப்பினார்.

ஐரோப்பாவில் பெண்கள் சீட்டி உடுத்துவது பெருகியதும் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தார்கள். 1719இல் லண்டன் தெருக்களில் சீட்டி உடுத்திய பெண்களின் ஆடையைக் கிழித்தார்கள். பிரான்ஸ் 1686இலேயே தடை போட்டிருந்தது, 1721இல் இங்கிலாந்தும் கடுஞ்சட்டம் கொண்டுவந்தது. கிடைத்தற்கரிய துணியில் ஒரு பூவைக்கூட வீணாக்க மனம் வருமா? சீட்டியில் இருந்த பூவையும் பறவையையும் தனித்தனியே வெட்டி வெள்ளைத் துணியில் வைத்துத் தைத்தார்கள். பிற்காலத்தில் அந்த வேலைக்குப் பிரெஞ்சு மொழியில் 'பாரசீகப் பூவேலை' என்று பெயர் சூட்டினார்கள். எழுதிய கை இந்தக் கரையுடையது, பெயரோ பாரசீகத்துக்குப் போனது. இது சரியில்லை.

தெற்கே போகும் வழியில் பரங்கிப்பேட்டை, வெள்ளாற்று முகத்தில் இருந்த இன்னொரு துணித் துறைமுகம். கொஞ்சம் உள்ளே தள்ளிப் போக நேரமிருந்தால் குறிஞ்சிப்பாடியில் கைலித் தறிகளின் சத்தத்தை இன்றைக்கும் கேட்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம். நடராசரைக் கும்பிட்டபின் சிவகங்கைக் குளத்துக்கு மேற்கே சிவகாமி அம்மன் சந்நிதிக்குப் போய், மண்டபத்தில் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். நாயக்கர் காலத்து, 17ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் விதானம் முழுக்கப் பட்டை பட்டையாக ஓடுகின்றன. பிட்சாடனரும் மோகினியும், மாணிக்கவாசகர் கதை என்று பக்தர்கள் கதையைப் பின்தொடர்வார்கள். தைப்பவர்கள் உடையைப் பின்தொடரலாம். சேலைக் கோடு, கட்டம், கரை என்று, கடலூரில் கப்பலேறிய காலத்துத் துணி விதானத்திலேயே இருக்கிறது. எந்தக் கண்ணாடிப் பெட்டியும் தர முடியாத காட்சி இது.

ஆனித் திருமஞ்சனத்துக்கோ மார்கழித் திருவாதிரைக்கோ முந்தின நாள் வருபவர்களுக்கு இன்னும் பெரிய கண்காட்சி உண்டு. விநாயகர், முருகன், நடராசர், அம்மன், சண்டிகேசுவரர் என ஐந்து தேர்கள் வீதிக்கு வரும். தேர்ச் சீலைக்குத் தமிழ்நாட்டில் தனிச் சொற்களே இருக்கின்றன. உருளையாகத் தைத்துத் தொங்கவிடுவது தொம்பை, மேலே விரிப்பது அஸ்மானகிரி. சிவப்பு, வெள்ளை, மஞ்சள், கறுப்புத் துணியில் யாளியும் மயிலும் தாமரையும் வெட்டி ஒட்டித் தைக்கும் இந்த வேலையைத் தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் இன்றும் செய்கிறார்கள். ஆங்கிலேயப் பெண் சீட்டிப் பூவை வெட்டி வைத்துத் தைத்ததும் இதே முறைதான். எழுத்துச் சீலையும் முழுக்க அழிந்துவிடவில்லை. கொள்ளிடக் கரையில் பிழைத்திருக்கும் கருப்பூர்க் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

அகமதாபாத்தில் 1949இலேயே துணிக்கென்று காலிகோ அருங்காட்சியகம் வந்துவிட்டது. உலகத்தையே உடுத்திய இந்தக் கரையில், கடலூரிலும் துணிக்கென்று ஓர் அருங்காட்சியகம் வேண்டும். அரசு நினைத்தால் ஓர் அறையில் தொடங்கலாம். வாசகர்களும் உதவலாம். உங்கள் வீட்டுப் பரணில் பாட்டி பழஞ்சேலையை அடுக்கித் தைத்த விரிப்போ, நைந்துபோன தேர்ச் சீலையோ இருந்தால் கரித்துணியாக்கிவிடாதீர்கள். தைத்தவர் பெயரையும் ஊரையும் ஒரு சீட்டில் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள்.

(தொடரும்)