பழைய கிடார் வாங்கப் போனேன்

ரயில்வேயில் தண்டவாளத்தைக் குனிந்து பார்த்தே முதுகு வளைந்தவன் நான். இவனுக்கும் கிடாருக்கும் என்ன சம்பந்தம் என்று நம் சங்கத்து அன்பர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. கொஞ்சம் வருத்தமான சம்பந்தம்.

1997-இல் கரக்பூரில் இருந்தபோது, பள்ளியில் படித்துக்கொண்டிருந்த என் மகன் கிடார் வேண்டும் என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்கத்தாவுக்கு வந்து, பளபளப்பைப் பார்த்து மயங்கி, ஒருவர் விற்ற பழைய கிடாரை வாங்கிப் போனேன். நான்கு மாதம் முயன்றான். விரல் நுனியெல்லாம் கன்றிவிட்டது, சுருதியும் சேரவில்லை. கிடார் பரண் ஏறியது. "எதையும் உருப்படியாகச் செய்யமாட்டாய்" என்று திட்டினேன். அவன் பதில் பேசவில்லை.

இந்த வருடம் அவனுடைய பதினான்கு வயது மகள், "தாத்தா, எனக்கு ஒரு கிடார் வாங்கித் தாயேன்" என்றாள். பரணில் இருந்ததை இறக்கினேன். என்னோடு வேலை பார்த்த ஆங்கிலோ இந்திய நண்பர் ஒருவர் நன்றாகக் கிடார் வாசிப்பார். அவரை வரவழைத்துக் காட்டினேன். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் (வீணையில் மெட்டு என்போமே, அதுதான்) கம்பிக்கும் மெட்டுக்கும் உள்ள உயரத்தை அளந்தார். இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இருக்கவேண்டிய இடத்தில் ஐந்து இருந்தது! கழுத்து உடலோடு சேரும் மூட்டில் மரத்தூளும் பசையும் அடைத்து, மேலே பாலிஷ் பூசியிருந்தார்கள். ஆக, பரணில் கிடந்து வந்த கோளாறில்லை. வாங்கிய அன்றே இருந்தது. அப்படிப்பட்ட வாத்தியத்தில் எந்தப் பிள்ளை வாசிக்கும்?

இந்தத் தடவை ஏமாறக்கூடாது என்று நண்பரிடம் பாடம் கேட்டுக்கொண்டு, பேத்தியோடு லால்பஜார் பக்கம் ரவீந்திர சரணியில் உள்ள வாத்தியக் கடைகளுக்குப் போனேன். பார்க்கப் பார்க்க, இது எனக்குத் தெரிந்த வேலைதான் என்று புரிந்தது.

ஸ்டீல் கம்பி ஆறும் சேர்ந்து கிடாரைச் சுமார் 70 கிலோ விசையில் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. ஓர் ஆள் இரவும் பகலும் அதில் தொங்குவது போல. போதாததற்கு வங்காளத்து மழைக்காலத்தில் மரம் ஊறும், குளிர்காலத்தில் காயும். வளையாமல் என்ன செய்யும்?

முதலில், தலைப்பக்கம் ஒற்றைக் கண்ணை வைத்துக் கழுத்தின் நீளத்துக்குப் பார்க்கவேண்டும். நாங்கள் தண்டவாளத்தைப் பார்ப்பது போலத்தான். முறுக்கிக்கொண்டிருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

அடுத்து வளைவு. தண்டவாள வளைவில் 20 மீட்டர் நூலை இழுத்துப் பிடித்து நடுவில் இடைவெளியை அளப்போம்; வெர்சைன் என்று பெயர். இங்கே கம்பியே நூல். தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் பதினான்காவதிலும் அழுத்திப் பிடித்து, ஏழாவதில் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் சரி. சற்றுக் கூடுதலானால் கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம். ஏற்கெனவே அது முழுக்க முறுக்கப்பட்டிருந்தால் அதற்கு மேல் வழியில்லை.

கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ், வீணையில் குதிரை என்போமே, அதன் அடியில் ஒரு காகிதத்தைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது. அதன் பின்னால் பலகை தொப்பை போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். விரல் கணுவால் முன்னும் பின்னும் தட்டுங்கள். கடகடவென்று சத்தம் வந்தால் உள்ளே பலகையைத் தாங்கும் கட்டை கழன்றிருக்கும். சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் வித்தைதான்!

கடைசியாக, ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் மீட்டிப் பார்க்கவேண்டும். எங்காவது இரைந்தால் ஃப்ரெட் தேய்ந்திருக்கலாம். சுருதி சேர்த்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி கேளுங்கள். பழைய கம்பி, அழுக்கு, திருகும் சாவிகள் இவையெல்லாம் மாற்றக்கூடியவை. அவற்றைக் காட்டி விலையைக் குறைக்கலாம். கழுத்தும் மூட்டும் கெட்டிருந்தால் பாதி விலைக்கும் வேண்டாம்.

பேத்தி கைவைத்த சிவப்புக் கிடார் கண்ணைப் பறித்தது. காகிதம் பிரிட்ஜுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போயிற்று. அவள் முகம் வாடியது. நானும் மனதைக் கல்லாக்கிக்கொண்டேன். மூன்றாவது கடையில், கீறல் விழுந்த ஒன்று எல்லாப் பரீட்சையிலும் தேறியது. நான் தட்டியதையும் அளந்ததையும் பார்த்து, "தாதா, கிடார் மிஸ்திரியா நீங்கள்?" என்று கடைக்காரர் சிரித்தார். 4,200 ரூபாய்க்குத் தந்தார்.

அன்றிரவு மகன் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். இத்தனை வருடம் கழித்தும் விரல்கள் இரண்டு மூன்று ஸ்வரங்களைத் தேடிப் பிடித்தன.

"அன்றைக்குத் தப்பு உன்மேல் இல்லையடா. நான்தான் பார்க்காமல் வாங்கிவிட்டேன்" என்றேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "கம்பி எவ்வளவு தாழ்வாக இருக்கிறது அப்பா, அழுத்தவே வேண்டாம் போலிருக்கிறது" என்றான்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைக்கு வாத்தியம் வரவில்லை என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன், அந்த வாத்தியத்தை ஒருமுறை ஒற்றைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.