நகராத சைக்கிள்

ஆட்டையாம்பட்டி ரோட்டில் சைக்கிள் மிதிச்சா காத்தும் தரையும் எதிர்ப்புக் கொடுக்கும். வீட்டுக்குள் காந்த ட்ரெயினரில் மாட்டினால்? பின்சக்கரம் ரோலரை உருட்ட, அதோடு அலுமினியத் தட்டு காந்தத்தின் அருகே சுழலும். தட்டில் உண்டாகும் எடி கரண்ட் சுழற்சியைத் தடுக்கும். லென்ஸ் 1834-ல் சொன்ன விதிதான். பழைய கரண்ட் மீட்டரின் தட்டை அடக்கி ஓட்டியதும் இதுவே. நிதானமாக மிதித்தாலும் சுமார் 100 வாட். ஏறக்குறைய முழுதும் வெப்பமாகிறது. ரோலர் பக்கம் சுடும், தொடாதீர்கள். எதிர்க்காத்து இல்லை, ஃபேன் போடுங்க.

பின் அச்சைக் கிளாம்பில் இறுக்கி, ஆட்டிப் பார்த்துவிட்டே ஏறுங்கள். மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் உடனே நிற்காது. வண்டிதான் நகரலையேன்னு குழந்தைகள் கிட்ட வருவாங்க. ஸ்போக்ஸ் கம்பி விரலையே எடுத்துவிடும். தறிக்கூடத்தில் ஓடும் பெல்ட்டில் யாரும் கை வைப்பதில்லை. இதுவும் அதே ரகம்தான்!